சுருதி மாறாமல் ஓடும் காலம்

டேப் ரிக்கார்டரில் பாட்டுக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டியதில்லை. பேட்டரி தீரத் தீரப் பாட்டு இழுக்கும். பாடகியின் குரல் தணிந்து தணிந்து ஆண்குரலாகிவிடும். 33 சுற்று இசைத்தட்டை 45இல் ஓடவிட்டால் எத்தனை பெரிய வித்வானும் கீச்சுக்குரலில் பதறுவார். வேகமும் சுருதியும் ஒரே அச்சில் பூட்டிய இரண்டு சக்கரங்கள். நாடா 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி ஏறக்குறைய அரைக் கட்டை ஏறும். 12 சதவீதம் ஓடினால் ஒரு கட்டை. கிராமபோன் கம்பெனி 1902இல் கல்கத்தாவில் ஒலிப்பதிவைத் தொடங்கிய காலத்தில் இசைத்தட்டின் வேகம் தரப்படுத்தப்பட்டிருக்கவில்லை. ஆகவே கோயம்புத்தூர் தாயியின் இசைத்தட்டு ஒன்றை இன்று சுழலவிடுகிறவருக்கு, அவர் எந்தக் கட்டையில் பாடினார், எந்தக் காலப்பிரமாணத்தில் பாடினார் என்ற இரண்டு கேள்விகளும் ஒன்றாகவே தீரும், அல்லது ஒன்றாகவே தீராமல் நிற்கும்.

இந்தப் பூட்டைக் கழற்றுவதற்கு நீண்ட முயற்சி தேவைப்பட்டது. ஒலியை மிகச் சிறிய துகள்களாகக் கருதலாம் என்று டென்னிஸ் காபோர் 1940களில் எழுதினார். 1954இல் ஃபேர்பாங்க்ஸும் அவருடைய சகாக்களும் சுழலும் ஒலிமுனை கொண்ட நாடாக் கருவியால் பேச்சைச் சுருக்கியும் நீட்டியும் காட்டினார்கள். 1966இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஃப்ளானகனும் கோல்டனும் ‘ஃபேஸ் வோகோடர்’ என்ற கணித வழியை வெளியிட்டார்கள். இம்முறைகளில் எளிமையானதன் உள்விஷயம் பூத்தொடுப்பதைப் போன்றது. ஒலியை வினாடியில் நூறில் சில பங்கு அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியுமாறு மீண்டும் கோக்கிறார்கள். நெருக்கிக் கட்டினால் சரம் குறுகும். கலக்கக் கட்டினால் நீளும். பூ மட்டும் அதே பூதான். துண்டுக்குள் இருக்கும் அதிர்வு மாறாததால் சுருதி மாறுவதில்லை.

2000ஆம் ஆண்டில் வெளிவந்த ஆடாசிட்டி என்னும் இலவச மென்பொருள் இந்த வித்தையை வீட்டுக் கணினிக்கே கொண்டுவந்து சேர்த்தது. பின்னர் அதில் இன்னொரு வசதியும் சேர்ந்தது. தொடக்கத்தில் இத்தனை சதவீதம், முடிவில் இத்தனை சதவீதம் என்று இரண்டு எண்களைக் கொடுத்துவிட்டால், பாட்டு முழுவதும் வேகம் சிறுகச் சிறுக மாறிக்கொண்டே போகும். சுருதி அசையாது. எந்த இடத்தில் மாறியது என்று யாராலும் விரல் வைத்துச் சொல்ல முடியாது.

நான் இருப்பது மறைமலை நகரில். வடமொழிச் சொற்களை விலக்கித் தன் பெயரையே மாற்றிக்கொண்ட பெரியவரின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்துகொண்டு ‘சுருதி’, ‘காலப்பிரமாணம்’ என்று எழுதுகிறேன். அடிகள் பொறுத்தருள வேண்டும். எங்கள் தெருவில் பரதம் சொல்லித்தரும் டீச்சர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சுற்றுப்புறத் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களின் குழந்தைகள். பாட்டுக்கு ஒருவர், மிருதங்கத்துக்கு ஒருவர், வயலினுக்கு ஒருவர் என்று வைத்துப் பயிற்சி செய்ய அவர்களுக்கு வசதியில்லை. பதிவு செய்த பாட்டுத்தான். ஒலிக்கோப்புகளை வெட்டி ஒட்டத் தெரிந்தவன் என்பதால் டீச்சர் என்னிடம் வருவார்.

ஒருமுறை ஏழு நிமிடத் தில்லானா ஒன்றைக் கொண்டுவந்தார். ஆரம்பம் பதிவில் உள்ள வேகத்திலேயே இருக்கட்டும், முடிவுக்குள் 10 சதவீதம் ஏற்றிக் கொடுங்கள், பிள்ளைக்கு மூச்சு பழகட்டும் என்றார். செய்து கொடுத்தேன். பழைய நாடாவாக இருந்தால் முக்கால் கட்டைக்கு மேல் ஏறி, முதல் வரிசைக் குழந்தைகூடச் சிரித்திருக்கும். இது அப்பழுக்கில்லாமல் ஒலித்தது. பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி அதற்கு ஒரு வாரம் ஆடினாள். கடைசி அடவுகளில் ஒவ்வொரு முறையும் பின்தங்கினாள். டீச்சரிடம் அவள் சொன்னது இது: “பாட்டு அதே மாதிரிதான் போகுது டீச்சர். எனக்குத்தான் முடியல. எனக்கு இது வராதுபோல இருக்கு.”

அந்தச் சொற்களை அதற்கு முன்பே நான் கேட்டிருந்தேன். இளவயதில் சில ஆண்டுகள் ஒரகடம் பக்கம் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் வரிசையில் நின்றவன் நான். வாகனத் தொழிலில் ‘டாக்ட் டைம்’ என்று ஒரு சொல் உண்டு. ஒரு பாகத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே கிடைக்கும் நேரம் அது. ஒரு ஷிப்டில் வேலை நேரம் 450 நிமிடம், தேவை 450 பாகம் என்றால் ஒன்றுக்கு 60 வினாடி. தேவை 500 ஆனால் 54 வினாடி. ‘டாக்ட்’ என்பது ஜெர்மன் சொல் என்றும், அதற்கு இசையில் தாளம் என்றே பொருள் என்றும் பிற்காலத்தில்தான் அறிந்தேன். இசைக்குழுவை நடத்துபவர் கையில் இருக்கும் கோலை அவர்கள் ‘டாக்ட்ஸ்டாக்’ என்கிறார்கள். நம் நட்டுவனாரின் தட்டுக்கழி மாதிரி.

எங்கள் வரிசையின் தாளம் ஒரே நாளில் 60இலிருந்து 54க்குத் தாவவில்லை. அப்படித் தாவியிருந்தால் யாராவது கேட்டிருப்பார்கள். வாரத்துக்கு ஒரு வினாடி, சில வாரம் அதுவும் இல்லை. மோட்டாரின் முனகலில் எங்கள் காதுக்கு எட்டும் மாற்றம் எதுவும் இல்லை. என் அருகில் நின்ற மூத்த தொழிலாளி ஒருவர், ஐம்பதைத் தொடாதவர், ஒருநாள் மாலை விரல்களை நீவிக்கொண்டே சொன்னார்: “முன்ன மாதிரி கை வரல தம்பி. வயசாயிடுச்சு.” அவர் குறை சொன்னது வரிசையை அல்ல, தன் உடம்பை.

‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தில் முதலாளி திரையில் தோன்றி வேகத்தைக் கூட்டும்படி வெளிப்படையாகவே உத்தரவிடுவார். சாப்ளினுக்கு யாரைக் கோபிப்பது என்று தெரியும். அதற்குப் பின் வழிகள் நயமாயின. இரண்டாம் உலகப்போரின்போது, 1940இல், தொழிற்சாலைகளுக்கென்றே பி.பி.சி. ஓர் இசை நிகழ்ச்சியைத் தொடங்கியது. அமெரிக்காவின் மியூசாக் நிறுவனம் கால்மணி நேரத் தொகுப்புகளில் பாட்டுக்குப் பாட்டு விறுவிறுப்பைச் சிறுகச் சிறுக ஏற்றும்படி தன் இசையை அடுக்கியது. உழைப்பவர் கவனிக்காதிருப்பதுதான் அந்த இசையின் வெற்றி.

நம்மிடமும் வேலைக்குப் பாட்டு இருந்தது. ஏரிகள் நிறைந்த இந்தச் செங்கல்பட்டுச் சீமையில் ஏற்றம் இறைத்தவர்கள் பாடிக்கொண்டேதான் இறைத்தார்கள். ஆனால் பாடியவரும் இறைத்தவரும் ஒரே இடத்தில் இருந்தார்கள். மூச்சு வாங்கினால் பாட்டும் தணியும். கோயில் கொடையில் உடுக்கை அடிப்பவரும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏற்றுகிறார். ஆனால் அவர் கண் சாமியாடுபவரின் முகத்தைவிட்டு அகலுவதில்லை. செவ்வியல் மரபோ இன்னும் கறாரானது. காலப்பிரமாணம் நழுவினால் ‘ஓடுகிறது’ என்று முகம் சுளிப்பார்கள். வேகத்தை மாற்ற வேண்டுமானால் முதற்காலம், இரண்டாங்காலம், மூன்றாங்காலம் என்று எல்லோரும் அறிய இரட்டிக்க வேண்டும். திருட்டுத்தனமாக ஏறக்கூடாது. இது வெறும் இலக்கணக் கெடுபிடி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உடன் ஆடுபவருக்கும் வாசிப்பவருக்கும் காட்டும் மரியாதையும் அதில் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது.

டீச்சரின் அனுமதியோடு அந்தப் பெண்ணுக்காக அதே கோப்பை இன்னொரு விதமாகச் செய்தேன். வேகத்தோடு சுருதியையும் பழையபடி பூட்டிவிட்டேன். நான்காவது நிமிடத்தில் அவள் நிமிர்ந்தாள். ஆறாவது நிமிடத்தில் வாய்விட்டுச் சிரித்தாள். “பாட்டு ஓடுது டீச்சர்!” என்றாள். டீச்சருக்குக் காது கூசியது. அபசுருதியை வகுப்பில் ஒலிக்கவிட அவர் தயாராக இல்லை. மறுநாள் அவர் கேட்டு வாங்கிக்கொண்டது வேறு: பதிவின் வேகத்தில் ஒன்று, 5 சதவீதம் கூட்டி ஒன்று, 10 சதவீதம் கூட்டி ஒன்று, ஆக மூன்று தனித்தனிக் கோப்புகள். ஆடுவதற்கு முன் எந்தக் கோப்பு என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும். அந்தப் பெண் இரண்டு மாதத்தில் மூன்றாவதுக்கு வந்துவிட்டாள். தேவைப்பட்டது மூச்சு மட்டுமல்ல, எதனோடு போட்டியிடுகிறோம் என்ற தகவலும்தான்.

வேகத்தைச் சுருதியிலிருந்து பிரித்தது பெரிய சாதனை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஒரு கமகத்தைப் பாதி வேகத்தில் நிறுத்தி நிதானமாகக் கேட்டுப் படிக்கும் மாணவருக்கும், ஒலிநூல்களை விரைவாகக் கேட்டு முடிக்கும் பார்வையற்ற வாசகருக்கும் அது கிடைத்தற்கரிய உதவி. அவர்கள் கையில் அந்தக் குமிழ் அவர்களுடையது. பிறர் கையில் இருக்கும்போதுதான் கேள்வி எழுகிறது. சுருதி இத்தனை காலமும் வேகத்துக்குச் சாட்சியாக இருந்தது. யாரோ அவசரப்படுத்துகிறார்கள் என்பதைக் குரலே காட்டிக்கொடுத்தது. அந்தச் சாட்சி விலகிவிட்ட இடங்களில் உடம்பு மட்டுமே மிச்சம். அதன் சாட்சியத்தையோ நாம் முதுமை என்றும் திறமைக் குறைவு என்றும் தள்ளிவிடுகிறோம். எல்லாம் அதே மாதிரி ஒலிக்கும்போது நமக்கு மட்டும் மூச்சு வாங்கினால், நம்மைச் சந்தேகிப்பதற்கு முன் ஒரு கடிகாரத்தைத் தேடுவது நல்லது.