ஏறாத டயரும் பழைய சைக்கிள் டியூபும்

போன வாரம் ஒரு குரூப்பிலும் தலைகாட்டவில்லையே, உடம்புக்கு ஏதுமா என்று கேட்டிருந்தீர்கள். உடம்பெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஒரு டயரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கட்டுத்தரையில் சாணி அள்ளவும் சோளத்தட்டு கொண்டுவரவும் ஒரு தள்ளுவண்டி உண்டு. கிணத்துக்கடவுப் பக்கம் பட்டறையில் சொல்லிச் செய்தது. இரும்புத் தொட்டி, அடியில் ஸ்கூட்டரின் 10 அங்குலச் சக்கரம் இரண்டு. இரண்டுக்கும் டியூப் கிடையாது. மாடு பார்த்த ஆள் ஊருக்குப் போய்விட்டார். எரு ஏற்றிய வண்டி இரண்டு மாதம் அப்படியே மழையில் நின்றது. ஒரு பக்க டயர் காற்று இறங்கி, நசுங்கி, ரிம்மை விட்டு உள்ளே போய்விட்டது. வீட்டுக்காரம்மா கூடையில் சாணி சுமக்க ஆரம்பித்துவிட்டார். முட்டிக்குக் கனம் ஆகாது என்று டாக்டர் சொல்லி ஆறு மாதம்கூட ஆகவில்லை. "ஏனுங்க, அந்த வண்டிய ஒரு வழி பண்ணுங்க" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னார். ஒரு தடவை சொன்னால்தான் பயம்.

டியூப் உள்ள டயரில் காற்றைப் பிடித்து வைப்பது டியூப். டியூப்லெஸ்ஸில் டயரும் ரிம்மும் சேர்ந்துதான் பாத்திரம். டயரின் உள்விளிம்பில் எஃகுக் கம்பி வளையம் இருக்கும். அது ரிம்மின் ஓரத்தில் அழுந்தி உட்கார்ந்தால்தான் காற்று நிற்கும். விளிம்பை அங்கே தள்ளி உட்கார வைப்பதும் அதே காற்றுதான். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தீரும், பைத்தியம் தீர்ந்தால்தான் கல்யாணம் ஆகும் என்பார்களே, அந்தக் கதை.

சைக்கிள் பம்ப்பை வைத்து அடித்தேன். ஒரு அடிக்கு அரை லிட்டர் காற்றுகூட வராது. அடுத்த அடிக்குள் வந்ததெல்லாம் இடுக்கு வழியாகப் போய்விடும். காரில் வைக்கிற குட்டி மெஷினும் அப்படியே. அதில் அழுத்தம் 100 வரை காட்டும். ஆனால் இங்கே வேண்டியது அழுத்தம் அல்ல, ஒரே நொடியில் வந்து குவிகிற அளவு. ஓட்டைக் குடத்தை நிரப்ப வாய்க்காலே திரும்ப வேண்டும், சொம்பு போதாது.

லீவுக்கு வந்திருந்த பேரன் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். பன்னிரண்டாவது படிக்கிறான். "அப்புச்சி, உள்ள கொஞ்சம் பெட்ரோல் ஊத்திப் பத்த வெச்சா டப்புனு ஏறிக்கும். வீடியோல பாத்தேன்" என்றான். கையில் ஸ்கூட்டரிலிருந்து பிடித்த கால் பாட்டில் பெட்ரோல்.

பாட்டிலை வாங்கித் திண்ணையில் வைத்துவிட்டு, அவனை உட்கார வைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். (உங்களில் பலருக்கு இந்தத் தண்டனை நினைவிருக்கும்.) டயரின் வெளி விட்டம் 43 செ.மீ., ரிம் விட்டம் 25 செ.மீ.; இடைப்பட்ட ஒரு பக்கச் சுவரின் பரப்பு 960 சதுர செ.மீ. வருகிறது. விளிம்பை உட்கார வைக்க 40 பிஎஸ்ஐ-க்கு மேல் போகக் கூடாது என்பார்கள். அந்த 40-க்கே ஒரு பக்கச் சுவரின் மேல் விழும் விசை இரண்டரை டன்னுக்கு மேல். கம்ப்ரசரில் மீட்டர் இருக்கிறது, குழாயை எடுத்தால் நின்றுவிடும். தீயில் மீட்டர் ஏது? ஆவி கொஞ்சம் கூடிப்போனால் ரிம் தெறிக்கும்; குறைந்துபோனால் இடுக்கு வழியாகத் தீ முகத்துக்கு வரும். எரியாமல் மிஞ்சிய ஆவி உள்ளேயே கிடக்கும். பிறகு ஒருநாள் அந்த ரிம்மில் யாராவது வெல்டிங் வைப்பார்கள். கணக்கை முடித்ததும் பையன் தானே எழுந்து போய்ப் பெட்ரோலை வண்டியிலேயே திரும்ப ஊற்றிவிட்டு வந்தான்.

அப்புறம் செய்தது இது. ரிம் ஓரத்துத் துருவை உப்புத்தாளால் தேய்த்தோம். டயரை ஒரு மணி நேரம் வெயிலில் போட்டு இளக வைத்தோம். இரண்டு விளிம்பிலும் சோப்புத் தண்ணீர். டயரின் நடு முதுகைச் சுற்றித் தாம்புக் கயிற்றைக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கினோம். நடுவில் இறுக்கினால் ஓரங்கள் இரண்டு பக்கமும் விரிந்து ரிம்மை நோக்கி வரும். கீழ் விளிம்பு வந்துவிட்டது. மேலே மட்டும் ஒரு விரல் இடுக்கு. சக்கரத்தைக் கயிற்றோடேயே ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு மெயின் ரோட்டுப் பஞ்சர் கடைக்குப் போனோம்.

கடைக்காரருக்கு என் வயசு இருக்கும். கயிற்றைப் பார்த்துவிட்டு, "பாதி வேலைய முடிச்சுட்டு வந்துட்டீங்க சார்" என்றார். கூரையில் தொங்கிய பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்தார். அதில் சோப்பைத் தடவி, அந்த ஒரு விரல் இடுக்கை மூடுகிற மாதிரி ரிம்முக்கும் டயருக்கும் நடுவே வளையமாக மாட்டினார். வால்வுக்குள் இருக்கும் சின்ன ஊசியைக் கழற்றினார். அது இருந்தால் காற்றுப் போகிற வழி குறுகல். கம்ப்ரசர் தொட்டியில் சேர்ந்திருந்த காற்றை ஒரேயடியாகத் திறந்துவிட்டார். டயர் உப்பியது, சைக்கிள் டியூப் தானாக நழுவி வெளியே வந்தது, 'டப்', கொஞ்சம் விட்டு இன்னொரு 'டப்'. முதல் 'டப்'புக்கே கயிற்றை அவிழ்த்துவிட்டார். அந்த நேரம் முழுக்க அவர் முகமும் கையும் டயருக்கு நேராக வரவே இல்லை என்பதைப் பேரனுக்குக் காட்டினேன்.

முப்பது வருஷத்துக்கு மேல் காற்றழுத்தம் நடத்தியிருக்கிறேன். சைக்கிள் டியூபை வாஷராக்கும் இந்த வித்தை எந்தப் பாடத்திலும் வரவில்லை. பெல்ஃபாஸ்டில் டன்லப் தன் பையனின் மூன்று சக்கர சைக்கிளுக்குக் காற்று டயர் செய்தார் என்று மட்டும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அவர் மாட்டு டாக்டர் என்பதைக் கட்டுத்தரையில் நின்று யோசித்தால் சிரிப்பு வருகிறது. கம்ப்ரசருக்குப் பேர் போன எல்ஜி கம்பெனி 1960-இல் தொடங்கியது நம் கோயமுத்தூரில்தான். அதையும் வகுப்பில் சொல்லியிருக்கலாம்.

25 பிஎஸ்ஐ வைத்துக் கொண்டுவந்தோம். மறுநாள் காலை 21. வண்டியைக் கவிழ்த்துச் சோப்புத் தண்ணீர் விட்டதில், விளிம்பில் ஒன்றுமில்லை. வால்வு ரப்பரின் அடியில்தான் குமிழி. ரப்பர் வெடித்திருக்கிறது. புது வால்வு போட வேண்டுமானால் டயரை மறுபடி இறக்கித்தான் ஆக வேண்டும். "டியூபே போட்டுடலாங்களா சார்?" என்கிறார் கடைக்காரர். வேண்டாம், வால்வே மாற்றுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். சனிக்கிழமை போகிறோம். இந்தத் தடவை சைக்கிள் டியூபைப் பேரன் மாட்டுவானாம்.