அம்பாசிடரில் என்ஜின் ஏறும் வாரம்

திங்கள்

மார்க் 2 அம்பாசிடரின் பெட்ரோல் என்ஜின் 1489 சிசி, நான்கு சிலிண்டர் கொண்டது. பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ‘பி சீரிஸ்’ குடும்பத்தைச் சேர்ந்தது. 1950-களில் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டும் எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரும் இந்த என்ஜினில்தான் ஓடின. மேற்கு வங்கத்தில் உத்தரபாராவில் இருந்த இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை வழியாக அது இந்தியச் சாலைகளுக்கு வந்து சேர்ந்தது. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. கனம் அதிகம், ஆயுளும் அதிகம்.

ரீபோர் முடிந்து லேத்திலிருந்து வந்த வெறும் பிளாக்கில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் ஓடும் பாதை. பளபளக்கும் புது போரைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவது எல்லாப் பட்டறைகளிலும் நடக்கிறது. பெட்ரோல் தரும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீர்தான் சுமந்து வெளியேற்ற வேண்டும். வருஷக்கணக்காகப் போர்வெல் தண்ணீர் ஊற்றிய பிளாக்கின் உள்ளே சுண்ணாம்பும் துருவும் சேர்ந்து பொருக்காகப் படிந்திருக்கும். இரும்பைவிட அந்தப் பொருக்கு பல மடங்கு மெதுவாகவே வெப்பத்தைக் கடத்தும். தண்ணீரின் வேகம் பின்பக்கம் குறைவதால், சேறு அதிகம் தங்குவது நாலாம் சிலிண்டரைச் சுற்றித்தான்.

பக்கவாட்டில் அடித்திருக்கும் வட்டத் தகட்டு மூடிகளைத் தட்டி எடுத்துவிட்டு, உள்ளே கம்பியால் குடைந்து, தெளிந்த தண்ணீர் வரும்வரை அழுத்தத்தில் பீய்ச்சிக் கழுவ வேண்டும். மூடிகள் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் புதியவையே போட வேண்டும். என்ஜின் ஏறிவிட்டால் அவற்றில் சில கைக்கு எட்டாது. பிளாக்கின் வடிகால் குழாயையும் இன்றே திறந்து பார்க்கலாம். பெரும்பாலும் அது சேற்றால் அடைத்துக் கிடக்கும். ரேடியேட்டர் குழாயை மட்டும் திறந்து தண்ணீர் மாற்றிய கார்களில் பிளாக்கின் அடியில் இருக்கும் அழுக்கு பல வருஷத்துப் பழையது.

செவ்வாய்

கிராங்க், பிஸ்டன், ஹெட் கோர்ப்பு நடக்கும் நேரத்திலேயே ரேடியேட்டரும் அதற்கான கடைக்குப் போய்விட வேண்டும். பித்தளைக் குழல்களும் செம்புத் தகடுகளும் சேர்ந்து, மேல் தொட்டியும் கீழ்த் தொட்டியும் ஈயத்தால் பற்றவைக்கப்பட்டது பழைய ரேடியேட்டர். வெளியே தண்ணீர் அடித்துக் கழுவினால் பூச்சியும் தூசியும் போகும், அவ்வளவுதான். மேல் தொட்டியைப் பிரித்து ஒவ்வொரு குழலிலும் மெல்லிய பட்டைக் கம்பியை விட்டு இழுத்தால்தான் உள் அடைப்பு போகும். குழல்களில் நிறைய ஏற்கெனவே ஈயம் வைத்து அடைக்கப்பட்டிருந்தால் கோர் மாற்றுவதே சரி.

புது போர் போட்ட என்ஜினில் உராய்வு அதிகம், அதனால் சூடும் அதிகம். பழைய ரேடியேட்டர் தேய்ந்த என்ஜினுக்கே திணறியிருந்தால் இந்த என்ஜினுக்கு நிச்சயம் போதாது. ரீபோர் செய்த சில மாதத்தில் ஹெட் கேஸ்கட் போனது என்று வரும் புகார்களில் முதலில் சந்தேகிக்க வேண்டியது ரேடியேட்டரை.

புதன்

கிளட்ச் பிளேட்டை டம்மி ஷாஃப்ட் கொண்டு நடுவில் நிறுத்தி, பிரஷர் பிளேட்டின் போல்ட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். இது கோணினால் கியர்பாக்ஸ் சேராது. கோணலோடு போல்ட்டை இழுத்து முடுக்கிச் சேர்த்தால் கியர்பாக்ஸின் எடை பிளேட்டின் நடுப்பகுதியில் தொங்கி அதை வளைத்துவிடும். என்ஜின் மவுண்டிங் ரப்பரும் புதிது வேண்டும்.

வியாழன்

பானெட் கழற்றியாயிற்று. ரேடியேட்டர் இருந்த இடம் காலி. செயின் பிளாக்கில் தொங்கும் என்ஜின், கியர்பாக்ஸின் வால் தாழ்ந்து, சாய்வாக உள்ளே இறங்க வேண்டும். இரண்டு கிளையுள்ள சங்கிலியில் பின்கிளையைச் சற்று நீளமாக விட்டால் இந்தச் சாய்வு தானாக வரும். ஒருவர் சங்கிலியிலும் ஒருவர் என்ஜினிலும் கை வைத்திருக்க வேண்டும். தொங்கும் பாரத்துக்கு அடியில் யாருடைய கையும் காலும் போகக் கூடாது. சங்கிலியின் தாங்குதிறனை ஊகித்து வேலையைத் தொடங்குவது மன்னிக்க முடியாத அலட்சியம்.

மவுண்டிங் போல்ட்டுகள் எல்லாம் முதலில் கையால் மட்டும் ஏற வேண்டும். பின்னால் கியர்பாக்ஸின் குறுக்குத் தாங்கியும் துளைக்கு நேராக உட்கார்ந்த பிறகே முடுக்கம். முன்னாலேயே முடுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு, ஸ்டியரிங் வரை அதிர்வு வரும்.

எர்த் பட்டை இங்கே மறந்துபோகும் பொருள். ரப்பர் மீது உட்கார்ந்திருக்கும் என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே மின்சாரம் திரும்ப வேறு நல்ல வழியில்லை. பட்டை இல்லாவிட்டால் ஸ்டார்ட்டரின் பெரும் மின்னோட்டம் சோக் கேபிள் வழியாகப் பாய்ந்து அதைப் பழுக்கக் காய்ச்சிவிடும்.

வெள்ளி

வாட்டர் பம்ப் புது கேஸ்கட்டோடு ஏறுகிறது. அதன் அடியில் உள்ள சிறு துளையை ‘லீக்’ என்று நினைத்து அடைத்துவிடக் கூடாது. உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குப் போகாமல் வெளியே சொட்டுவதற்காகவே அந்தத் துளை இருக்கிறது. ஃபேன் இறக்கையைத் திருப்பி மாட்டினாலும் காற்று அதே திசையில்தான் வரும். ஆனால் வளைவு எதிர்ப்பக்கம் இருப்பதால் இழுப்பு குறைந்து, டிராஃபிக்கில் சூடு ஏறும். பெல்ட்டை நடுவில் அழுத்தினால் அரை அங்குலம் போல அமுங்க வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் பம்ப் பேரிங்கும் டைனமோ பேரிங்கும் சேர்ந்து தேயும்.

கீழ் ஹோஸ் பம்ப் உறிஞ்சும் பக்கம். தரமற்ற ஹோஸ் வேகத்தில் உள்நோக்கிச் சப்பி அடைத்துக்கொள்ளும். வண்டி நின்றதும் அது பழைய வடிவத்துக்கு வந்துவிடுவதால் காரணம் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே இங்கே கனமான ஹோஸ் தேவை.

அடுத்தது தெர்மோஸ்டாட். “நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?” என்று கழற்றி எறியும் வழக்கம் தமிழ்நாட்டுப் பட்டறைகளில் வேரூன்றிவிட்டது. அது தவறு. முழுவதும் திறந்த தெர்மோஸ்டாட் தண்ணீரை அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதைக் கழற்றியதும் சூடு குறைந்தால், அந்தத் தெர்மோஸ்டாட் கெட்டிருந்தது என்றே பொருள். அது இல்லாத என்ஜின் காலையில் சூடேற நெடுநேரம் எடுக்கும், நெடுஞ்சாலையில் குளிர்ந்தே ஓடும். ஆவியாகாத பெட்ரோல் சிலிண்டர் சுவரின் ஆயிலைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கும். பணம் கொடுத்துச் செய்த ரீபோர் அப்படித்தான் வீணாகிறது. வெப்ப நாடுகளுக்கென்றே 74 டிகிரி செல்சியஸில் திறக்கும் வகை உண்டு. பாத்திரத்துத் தண்ணீரில் வெப்பமானியோடு போட்டுச் சூடாக்கி, திறக்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே பொருத்த வேண்டும். காற்று வெளியேறும் சிறு துளை இருந்தால் அது மேல்பக்கம் வரட்டும்.

ரேடியேட்டர் மூடியும் ஒரு கருவிதான். சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம் பிடிக்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை 110 டிகிரி வரை உயர்த்துகிறது. இன்னும் கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஈயப் பற்று விட்டுப்போகும்.

சனி

ஊற்றுவது டிஸ்டில்டு வாட்டர் இரண்டு பங்கு, கூலன்ட் ஒரு பங்கு. ஊட்டி போன்ற உறைபனி ஊர்களைத் தவிர, இங்கே கூலன்ட்டின் வேலை துருவைத் தடுப்பது. அலுமினிய ரேடியேட்டர்களுக்கென்று வந்த ஆர்கானிக் அமில வகை ஈயப் பற்றுக்கு ஒத்துவராமல் போகலாம். பித்தளை ரேடியேட்டருக்கு ஏற்றது என்று லேபிளில் இருப்பதையே வாங்க வேண்டும். வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டால் உள்ளே சிக்கிய காற்று குமிழாக வெளியேறும்.

ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் பிரஷர் வரும்வரை என்ஜினைச் சுழற்ற வேண்டும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டர். ரோட்டர் இடஞ்சுழியாகச் சுற்றும், எரியும் வரிசை 1-3-4-2. கேம் ஷாஃப்டும் டாப்பெட்டும் புதிதென்றால், பற்றியதும் ஐட்லிங்கில் விடாமல் இருபது நிமிஷம் 2000 சுற்றுக்கு அருகில் ஓடட்டும். அந்த நேரத்தில் மேல் ஹோஸ் முதலில் ஆறியிருந்து, பிறகு திடீரென்று சுட வேண்டும். தெர்மோஸ்டாட் திறந்ததற்கு அதுவே அடையாளம்.

ஞாயிறு

இரவு முழுதும் ஆறிய என்ஜினில் தண்ணீர் மட்டம் சற்று இறங்கியிருக்கும், நிரப்பினால் போதும். ஹோஸ் கிளிப்புகளை மறுபடி முடுக்கி, ஹெட் நட்டுகளைக் கையேட்டின் அளவுப்படி டார்க் ரென்ச்சால் சரிபார்த்து, அதன் பின் வால்வு இடைவெளி பார்க்க வேண்டும். முதல் ஆயில் 800 கிலோமீட்டருக்குள் மாற வேண்டும். கூலன்ட் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற வேண்டும், அப்போது பிளாக்கின் வடிகால் குழாயையும் திறக்க வேண்டும்.