பாண்டியன் மகுடமும் உரக்கடை டைரியும்

பேராண்டிகளா, நான் முப்பது வருஷம் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதினவன். நகைக்கடன் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ஒன்று செயலாளரிடம், ஒன்று என்னிடம். ஒருத்தர் மட்டும் போய்த் திறக்க முடியாது.

அப்படிப் பழகின நானே, என் பாஸ்வேர்டுகளை உரக்கடையில் கொடுத்த டைரியின் கடைசிப் பக்கத்தில் எழுதி டிவி மேல் வைத்திருந்தேன். வங்கி, ஈமெயில், ரயில் டிக்கெட் எல்லாத்துக்கும் ஒரே சொல்: பேத்தி பெயரும் பிறந்த வருஷமும். அவள் முதல் பிறந்தநாளுக்கு நாங்கள் கட்டின ஃபிளெக்ஸில் அந்த ரெண்டும் இருந்தன. ஊரே படித்தது.

பேரன் வந்து, பாஸ்வேர்டுகளைப் பூட்டிக் காக்கும் பிட்வார்டன் என்ற செயலிக்கு மாற்றலாம் என்றபோது, நம்ம பொருளை முகம் தெரியாதவனிடம் கொடுப்பதா என்று மறுத்தேன். எனக்கு ராஜசிம்ம பாண்டியன் ஞாபகம். நம்ம சின்னமனூரில் கிடைத்த பெரிய செப்பேட்டைக் கொடுத்த ராஜா. பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழனிடம் தோற்று இலங்கைக்குப் போனான். மகுடத்தை அங்கேயே அடைக்கலமாக வைத்துவிட்டுச் சேர நாட்டுக்குப் போனான். பராந்தகன் கேட்டும் இலங்கை அரசர் தரவில்லை. காத்தவர் மேல் குற்றமே இல்லை. ஆனால் மகுடம் பாண்டியனுக்குத் திரும்பவும் இல்லை. 1017-ஐ ஒட்டி ராஜேந்திர சோழன் படையெடுத்து எடுத்துக்கொண்டான்.

பேரன் பொறுமையாக விளக்கினான். பாஸ்வேர்டுகள் நம்ம போனிலேயே பூட்டப்பட்டுத்தான் வெளியே போகின்றன. சாவி ஒரே ஒரு மாஸ்டர் பாஸ்வேர்டு, அது அந்தக் கம்பெனிக்கே தெரியாது. 2022-இல் அதே மாதிரியான லாஸ்ட்பாஸ் என்ற சேவைக்குள் திருடர்கள் புகுந்து வாடிக்கையாளர் பெட்டகங்களைப் பிரதி எடுத்துப் போனதையும் அவன் மறைக்கவில்லை. பாஸ்வேர்டுகள் பூட்டியபடிதான் போயின. எந்தெந்தத் தளம் என்கிற முகவரிகள் திறந்தே கிடந்தன. பூட்டு தாங்குவது மாஸ்டர் பாஸ்வேர்டின் பலத்தில்தான். அதனால் பிட்வார்டனுக்கு மாறியபோது, மாஸ்டர் பாஸ்வேர்டாக ஒன்றோடொன்று ஒட்டாத ஐந்து சொற்களை வைத்தேன். ஒன்றுகூட வீட்டு மனுஷர் பெயர் இல்லை.

போன மாசம் வங்கியிலிருந்து வந்த மாதிரி ஒரு மெசேஜ். அதிலிருந்த இணைப்பைத் தொட்டேன். வங்கித் தளத்தின் அதே நிறம், அதே முத்திரை. எப்போதும் பிட்வார்டன் தானாக நிரப்பும் பாஸ்வேர்டு பெட்டி காலியாகவே நின்றது. "அது நிரப்பலேன்னா நீங்களும் நிரப்பாதீங்க தாத்தா" என்று பேரன் சொல்லியிருந்தான். முகவரியை எழுத்தெழுத்தாகப் பார்த்தேன். நடுவில் ஒரு எழுத்து கூடுதல். என் கண் ஏமாந்த இடத்தில் பிட்வார்டன் ஏமாறவில்லை.

மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் கம்பெனியால் மீட்டுத் தர முடியாது. ஆகவே அதை ஒரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, பத்திரங்களோடு பீரோவில் வைத்திருக்கிறேன். உங்கள் ஆச்சிக்கு இடம் தெரியும். பாண்டியன் செய்யாமல் விட்டது அதுதான் என்பது என் எண்ணம்: தனக்குப் பின்னால் வருகிறவன் போய் வாங்க வழி வைக்கவில்லை.

சென்னையிலும் கோயம்புத்தூரிலும் வேலை பார்க்கிற பிள்ளைகளா, அடுத்த முறை ஊருக்கு வந்தால் அப்பா அம்மா பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்காருங்கள். முதலில் ஈமெயில் பாஸ்வேர்டை மாற்றுங்கள், மற்ற எல்லாத்தையும் மாற்றுகிற கடிதம் அங்கேதான் வரும். அப்புறம் வங்கி. டைரியின் கடைசிப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.