ஈஸியும் வேணாம், ஹார்டும் வேணாம்

கண்மாய், நெல்லு, மிளகாய்னு எழுதிக்கிட்டு இருக்கிறவன் இன்னிக்கு செல்போன் கிரிக்கெட்டைப் பத்தி எழுதுறேன். வயலுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. இருக்கு, பொறுமையா படிங்க.

எங்க அண்ணன் மகன் இன்ஜினியரிங் முடிச்சிட்டு வீட்டுல இருக்கான். கையில எந்நேரமும் 'வேர்ல்டு கிரிக்கெட் சாம்பியன்ஷிப் 2'. நம்ம சென்னையில இருக்கிற நெக்ஸ்ட் வேவ் மல்டிமீடியா கம்பெனி 2015-ல் வெளியிட்ட கேம். அண்ணனுக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். நான் ஒருநாள் பக்கத்துல உக்காந்து பார்த்தேன். பய ஆடின நேரத்தைவிட செட்டிங்கை மாத்தின நேரம்தான் அதிகம்.

"ஈஸில வச்சா 20 ஓவர்ல 300 அடிக்கிறேன் சித்தப்பா. ஹார்டுல வச்சா 40-க்கு ஆல் அவுட். ரெண்டுமே மேட்ச் இல்ல"ன்னான்.

அவன் செய்யிற முறை எனக்குப் பிடிச்சுப்போச்சு. முதல்ல பிட்ச். அந்த கேம்ல மூணு வகை உண்டு: உயிரில்லாத பிட்ச், புழுதி பிட்ச், பச்சை பிட்ச். உயிரில்லாததுல யார் வேணா அடிக்கலாம். அதனால புழுதியோ பச்சையோதான் எடுக்குறான். ரெண்டாவது ஓவர். 5 ஓவர் மேட்ச்னா விக்கெட்டைப் பத்திக் கவலையே இல்லாம சுத்தலாம். 20 ஓவர் வச்சாத்தான் நின்னு ஆடணும்னு தோணும். மூணாவது, கஷ்டத்தை ஒரு படி மட்டும் ஏத்திட்டு அஞ்சு மேட்ச் ஆடி, ஸ்கோரை நோட்டுல எழுதுறான். நிஜ டி20-ல 150, 180 சகஜம். நம்ம ஸ்கோரும் அந்த அளவுல ஏறி இறங்கணும், சிலநாள் 110-க்கும் சுருளணும். வரலைன்னா ஒரே ஒரு விஷயத்தை மாத்துவான். ரெண்டை ஒரே நேரத்துல மாத்துனா எதால வந்த வித்தியாசம்னு தெரியாதாம். உரத்துக்கும் அதே கணக்குதானேடான்னேன்.

கம்ப்யூட்டர்ல ஆடுறவங்களுக்கு இன்னும் வசதி. மெல்போர்ன்ல இருக்கிற பிக் ஆன்ட் ஸ்டுடியோஸ் கேம்கள்ல பேட்டிங், பவுலிங் எல்லாத்துக்கும் கஷ்டத்தைத் தனித்தனியா வச்சுக்கலாம். பேட்டிங்ல கெட்டிக்காரன் அதை மட்டும் ஏத்திக்கலாம்.

செட்டிங்கால சரிபண்ண முடியாதது சிலது, நாமளே கட்டுப்பாடு வச்சுக்கணும்கிறான். ஓவருக்கு ஆறு யார்க்கர் போடுறதில்லை. சேலம் பக்கம் சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பந்துல ஆடிப் பழகி, 2020 டிசம்பர்ல இந்தியாவுக்கு ஆடின நடராஜனுக்குப் பேரே யார்க்கர்தான். அவர் கையிலகூட கொஞ்சம் தவறினா அது ஃபுல்டாஸ். தவறவே தவறாத பந்து நிஜத்துல கிடையாது.

எங்க ஊர் ஆட்டத்தோட செட்டிங் வேற. கோடையில வத்திப்போன கண்மாய்க்குள்ள வெடிச்ச தரைதான் பிட்ச். வெட்டிச் சீவுன சீமைக்கருவேலங் குச்சிதான் ஸ்டம்ப். முள்ளுக்குள்ள பந்து போனா அவுட்டு, ஏன்னா டென்னிஸ் பந்து ஓட்டையாயிரும். கச்சான் காத்து அடிக்கிற மாசத்துல காத்தை எதிர்த்துத் தூக்கி அடிச்ச பந்து அடிச்சவன் பக்கமே திரும்பி வரும். இதெல்லாம் எந்த கேம்லயும் நான் பார்க்கலை.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அவன் அண்ணன்கிட்ட ஒரு ஏக்கர் கேட்டிருக்கான், விவசாயம் பார்க்க. வீட்டுல ரெண்டு வாரமா சண்டை. அவன் பார்க்கிற யூட்யூப்ல எல்லாம் ஈஸி மோடு: ஏக்கருக்கு லட்ச லட்சமா வருமானம். அண்ணன் சொல்றதெல்லாம் ஹார்டு மோடு: இந்த மண்ணுல எவனும் உருப்பட்டதில்லை. என்கிட்ட கேட்டாங்க. நான் ரெண்டு பேரையும் உக்கார வச்சு என் நோட்டை எடுத்து வச்சேன். பத்து வருஷ ஸ்கோர். நல்ல வருஷம் ஏக்கருக்கு 20 மூட்டை நெல்லு. கெட்ட வருஷம் வைக்கோல் மட்டும். நடுவுல பல வருஷம் செலவுக்கும் வரவுக்கும் சரி. இதுதான் நிஜ செட்டிங்.

மழையை நாம வைக்க முடியாது. ஐப்பசி, கார்த்திகையில பெய்தா கண்மாய் நிறையும், இல்லைன்னா இல்லை. கிரிக்கெட்ல மழை கெடுத்தா 1997-லிருந்து டக்வொர்த்-லூயிஸ் கணக்கு இருக்கு. மிச்சமிருக்கிற ஓவரையும் விக்கெட்டையும் பார்த்து இலக்கை மாத்துவாங்க. நமக்குப் பயிர்க் காப்பீடு. ஆனா அது உன் வயலை மட்டும் பார்த்துக் கணக்குப் போடாது, வட்டாரத்து மகசூலைப் பார்த்துப் போடும். ஊரே விளைஞ்சு உன்னோடது மட்டும் கருகினா கைக்கு வராமலும் போகும். இதையும் சொன்னேன்.

நாம வைக்கக்கூடியதும் சிலது உண்டு. குறைஞ்ச நாள்ல விளையிற ரகம், ஓரத்துல ஒரு பண்ணைக்குட்டை, பாதியில குண்டு மிளகாய். ஒரு தடவைக்கு ஒண்ணைத்தான் மாத்தணும்.

அண்ணன் ரொம்ப நேரம் நோட்டையே பார்த்துக்கிட்டு இருந்தார். கடைசியில, "மூணு வருஷம். கடன் வாங்கக் கூடாது. கணக்கு எழுதணும்"னார். பய சரின்னுட்டான். புரட்டாசியில புழுதி விதைப்பு. தை அறுப்புல முதல் ஸ்கோர் தெரியும். எவ்வளவு வந்தாலும் கூட்டாம குறைக்காம இங்க எழுதுறேன்.

வேலையை விட்டுட்டு விவசாயத்துக்கு வரலாமான்னு எனக்கு எழுதுற நண்பர்களே, உங்களுக்கும் இதுதான் என் பதில். நீங்க வாங்கப்போற ஊர்ல ஒருத்தரோட பத்து வருஷ நோட்டைக் கேட்டுப் படிச்சிட்டு வாங்க.