வேட்டைக்குப் புறப்படும் முன்

வேட்டை என்றதும் எல்லோருக்கும் துப்பாக்கிதான் நினைவுக்கு வரும். வேட்டைக்காரர் வீட்டில் வளர்ந்த எனக்கு நினைவுக்கு வருவது ஒரு நாற்பது பக்க நோட்டு. அது என் பெரியப்பாவின் நோட்டு. அவர் பென்னாகரம் பக்கம் கூப்பு காண்டிராக்டராக இருந்தவர். அப்போது தர்மபுரி தனி மாவட்டமாகவில்லை, சேலம் ஜில்லாதான். ஊரில் மாட்டை, ஆட்டைச் சிறுத்தை அடித்துவிட்டால் லைசன்ஸ் வைத்திருந்த அவரிடம்தான் ஆள் வரும். வருடத்துக்கு ஒரு முறை கடமான் வேட்டைக்கும் அனுமதி வாங்கிப் போவார். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே நோட்டைத் திறந்துவிடுவார். அவர் ஒவ்வொன்றாகப் படிக்க, பொருளை எடுத்துத் திண்ணையில் வைப்பது பள்ளிக்கூடப் பையனான என் வேலை.

முதல் பக்கத்தில் இருந்தது துப்பாக்கி அல்ல, பஞ்சாங்கம். வளர்பிறை ஏகாதசியிலிருந்து பௌர்ணமி வரை உள்ள நாட்கள்தான் பரணில் உட்காரத் தோது. சூரியன் மறையும்போதே நிலா வானத்தில் இருக்கும், நள்ளிரவு தாண்டியும் வெளிச்சம் நிற்கும். தேய்பிறையில் நிலா வருவதற்குள் சிறுத்தை வந்து போய்விடும்.

அடுத்தது தோட்டா. பெரியப்பாவிடம் இருந்தது 12 போர் இரட்டைக்குழல். அந்த 12 என்ன கணக்கு என்று பலருக்குத் தெரியாது. ஒரு பவுண்டு ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், அதில் ஓர் உருண்டை நுழையும் அளவுள்ள குழல் அது. அதனால்தான் எண் கூடக் கூடக் குழல் சிறுக்கிறது. அந்தக் காலத்துத் தோட்டாவின் கூடு அட்டையால் ஆனது. மழைக்கால ஈரத்தில் உப்பிவிடும். உப்பிய தோட்டா குழலுக்குள் பாதியில் சிக்கிக்கொள்ளும், அல்லது சுட்ட பிறகு கூடு வெளியே வராது. ஆகவே ஒவ்வொரு தோட்டாவையும் வீட்டிலேயே குழலில் போட்டு எடுத்துப் பார்ப்பார். தயங்கினால் அது ஒதுக்கப்படும். பிறகு தோப்பில் ஒரு பழைய சாக்கைத் தொங்கவிட்டு, முப்பது கெஜ தூரத்தில் நின்று எல்.ஜி. தோட்டா ஒன்று சுடுவார். குண்டுகள் எவ்வளவு சிதறுகின்றன என்று கையால் அளந்து பார்ப்பார். "இதுக்கு மேல தூரம்னா சுடக் கூடாதுடா. சாகாது, காயம்தான் படும்" என்பார்.

டார்ச் லைட்டைக் குழலோடு சேர்த்து இறுக்க ஒரு பட்டை உண்டு. புது பேட்டரி, கூடவே ஒரு உபரி பல்பு. பரண் கட்டும் தழையை அந்த மரத்தடியிலோ பக்கத்திலோ வெட்டக் கூடாது, தூரத்திலிருந்து கொண்டுவர வேண்டும். காய்ந்தால் சலசலக்கும் இலை ஆகாது. சிறுத்தைக்கு மூக்கைவிடக் காதும் கண்ணும்தான் கூர்மை. கடமானும் யானையும் நேர்மாறு, மோப்பத்திலேயே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அதற்காக ஒரு சின்னத் துணி முடிப்பில் அடுப்புச் சாம்பல். தட்டினால் சாம்பல் பறக்கும் திசையில் காற்று தெரிந்துவிடும். இருமலை அடக்கப் பனங்கற்கண்டு, இரண்டு கிராம்பு. பீடி வீட்டிலேயே நின்றுவிடும்.

மருந்துப் பெட்டியில் மலேரியாவுக்குக் கொய்னா மாத்திரை, பஞ்சு, துணி, பொட்டாசியம் பர்மாங்கனேட். சிறுத்தையின் நகத்துக்கடியில் அழுகிய இறைச்சி ஒட்டியிருக்கும். கீறல் சிறிதானாலும் சீழ் பிடித்து உயிரைக் கொண்டுபோகும். பல்லைவிட நகத்துக்குப் பயந்தவர்கள் அதிகம்.

எங்கள் பக்கத்துக் காடுகளை உலகத்துக்கே தெரியவைத்தவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன். அவர் கையில் இருந்தது .405 வின்செஸ்டர். குமாவோனில் ஜிம் கார்பெட் பல ஆட்கொல்லிகளைச் சுட்டது .275 ரிக்பியால். 1907-இல் சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி அது. புலி வேட்டைக்கு அது சின்னக் குழல்தான். ஆனால் அது எங்கே சுடும் என்று அவருக்குத் தெரியும். பெரியப்பா இந்தப் புத்தகங்களைப் படித்தவரில்லை. இருந்தாலும் அவரும் இதையேதான் சொல்வார். அது எவ்வளவு உண்மை என்பதை 1962 வாக்கில் பார்த்தோம்.

பட்டணத்திலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்தார். அவர் யார் என்பது இங்கே வேண்டாம். கையில் புத்தம் புதிய வெளிநாட்டு ரைபிள். தோப்பில் ஒரு தடவை சுட்டுப் பார்த்துவிடலாமே என்று பெரியப்பா இரண்டு முறை கேட்டார். தோட்டா விலை அதிகம், வீணாக்க வேண்டாம் என்றுவிட்டார் விருந்தாளி. சின்னாற்றுப் பக்கம் பரண். இருட்டியதும் சிறுத்தை வந்தது. டார்ச் அடித்தார், சுட்டார். ஓர் உறுமல், பிறகு ஒன்றுமில்லை. கீழே இறங்கிப் பார்த்தால் இலையில் ரத்தம்.

காயம்பட்ட சிறுத்தையை அப்படியே விட்டுவிட்டு வருவது பெரியப்பாவின் அகராதியில் கிடையாது. மறுநாள் அந்தப் பக்கம் விறகுக்குப் போகிறவள் அதன் வாயில் விழுவாள். இரவில் பின்தொடர்வதும் கிடையாது. விடிந்த பிறகு போனார்கள். விருந்தாளிக்குக் காய்ச்சல், பங்களாவிலேயே படுத்துவிட்டார். முன்னே தடம் பார்த்துக்கொண்டு போனவர் எங்களோடு எப்போதும் வரும் இருளர் பெரியவர். அவர் கண் தரையில், பெரியப்பாவின் கண் புதரில். அப்படித்தான் முறை. புதருக்குப் பத்தடி இருக்கும்போது பாய்ந்தது. பெரியவரின் இடது முழங்கையைக் கவ்வியிருந்த நிலையில்தான் பெரியப்பா சுட்டார்.

பர்மாங்கனேட் தண்ணீரால் அங்கேயே காயத்தைக் கழுவினார்கள். பிறகு மாட்டு வண்டி, தர்மபுரி ஆஸ்பத்திரி, பென்சிலின் ஊசி. பெரியவர் பிழைத்தார். ஆனால் அந்த முழங்கை கடைசி வரை மடங்கவில்லை. சிறுத்தையைத் திண்ணையில் போட்டுப் பார்த்தபோது முதல் குண்டு பின்தொடையில் பட்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் பெரியவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "அவரு நல்ல துப்பாக்கிதான் கொண்டாந்தாரு முதலாளி. அது எங்க சுடும்னு அதுகிட்ட கேட்டுக்கிட்டு வரலை."

அதற்குப் பிறகு பெரியப்பா விருந்தாளிகளைக் காட்டுக்கு அழைத்துப் போகவில்லை. பெரியவர் வீட்டுக்கு மாதா மாதம் நெல் போனது. நோட்டில் பஞ்சாங்கத்துக்கும் மேலே இரண்டு வரிகள் ஏறின. "சுடுகிறவன் குறி பார்த்தாயிற்றா?" "கூட வரும் ஆள் வீட்டில் சொல்லி, பணம் கொடுத்தாயிற்றா?" அதுவரை அந்த நோட்டில் கயிறு இருந்தது, கிராம்பு இருந்தது. ஆள் இல்லை. உண்மையில் அந்தப் பயணங்களில் மிகவும் தேவையான கண்களும் கால்களும் அவருடையவைதான்.

1970-இல் நாடு முழுக்கப் புலி வேட்டை நிறுத்தப்பட்டது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அந்த வருடம் எடுத்த கணக்கில் இந்தியா முழுவதும் இருந்தவை 1,827 புலிகள்தான். பெரியப்பா முணுமுணுக்கவில்லை. கடைசிச் சில வருடங்களில் காலி பரணில் உட்கார்ந்துவிட்டு வருவதே வழக்கமாகிவிட்டிருந்தது. "சட்டம் வர்றதுக்கு முன்னாடியே காடு முடிச்சிடுச்சு" என்றார். துப்பாக்கியை லைசன்ஸ் உள்ள கடையில் ஒப்படைத்துவிட்டு ரசீதை நோட்டுக்குள் வைத்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்ல மாட்டேன். அவ்வளவு கவனமான மனிதர் கையிலும் எத்தனையோ கடமான்கள் விழுந்தன. ஆனாலும் ஓர் உயிரை எடுக்கப் போகிறவன் அதற்கு முன் எவ்வளவு யோசிக்க வேண்டும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது அந்த நோட்டுதான். உத்தியோகத்தில் ஒருவனுடைய பிழைப்பைத் தொடும் கோப்பில் கையெழுத்துப் போடும்போதெல்லாம் அந்தத் தோப்புச் சாக்கு நினைவுக்கு வந்திருக்கிறது.

2022-இல் எங்கள் காடுகளில் பெரும்பகுதி, கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டங்களிலுமாக 686 சதுர கிலோமீட்டர், காவிரி தெற்கு சரணாலயம் ஆனது. அந்தப் பெரியவரின் பேரன் இப்போது வேட்டைத் தடுப்புக் காவலர். போன தை மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அவரைப் பார்த்தேன். ரோந்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டில், டார்ச், அரிசி, ஒரு கம்பு. பைக்குள் டார்ச்சைப் போடுவதற்கு முன் ஒரு தடவை எரிய வைத்துப் பார்த்துக்கொண்டார்.