இரவு இரண்டே முக்காலுக்குத் திறந்த மடை

எங்கள் வீட்டில் திராட்சை உண்டு, ஒயின் கிடையாது. கம்பம் பள்ளத்தாக்கில் அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர்த் திராட்சைப் பந்தல். பழத்தை வியாபாரி வண்டியில் ஏற்றியதோடு நம் வேலை முடிந்தது என்பார். வீட்டுக்குள் பாட்டில் என்ற பேச்சே வந்ததில்லை. குடி என்றால் ஒரு குடும்பம் தெருவுக்கு வருவது என்றுதான் நான் பார்த்து வளர்ந்தேன். ஒயின் நாட்டுப் பயணம் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்ற எண்ணத்தோடுதான் அர்ஜென்டினாவின் மெந்தோசாவில் போய் இறங்கினேன்.

மார்ச் மாதம். அங்கே அறுவடை பிப்ரவரியில் தொடங்கி ஏப்ரல் வரை ஓடும். முதல் நாள் எல்லாரையும் போல ஒயின் ஆலைகளைச் சுற்றினேன், ‘போதேகா’ என்கிறார்கள். ஒரே நாளில் நான்கு. மூன்றாவதில் நாக்கு மரத்துவிட்டது. நான்காவதில் அந்தப் பெண் பொறுமையாக விளக்கிய எதுவும் காதில் ஏறவில்லை. நாளுக்கு இரண்டு போதும். அதையும் முன்பதிவு செய்துகொண்டு போங்கள். சொல்லாமல் போய் நின்றால் பல இடங்களில் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மதியம் ஒரு மணி வாக்கில் கடைகள் ஷட்டரை இறக்கினால் சாயங்காலம் ஐந்துக்குத்தான் தூக்குவார்கள். இரவுச் சாப்பாடு ஒன்பதுக்கு மேல்தான். எங்கும் மாட்டிறைச்சி. சைவக்காரர்கள் ‘உமீத்தா’ எம்பனாதா என்று கேளுங்கள். சோமாசி மாதிரி மடித்து, உள்ளே மக்காச்சோளம் வைத்திருப்பார்கள்.

ஊருக்குள் என்னை முதலில் நிற்க வைத்தது தெருவோர வாய்க்கால்கள். ‘அசெக்கியா’ என்று பெயர். நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே முழங்கால் ஆழத்தில், மூடாமல் ஓடுகின்றன. காரிலிருந்து இறங்கும்போது கீழே பார்த்துக் கால் வையுங்கள். தெருவெல்லாம் நிற்கும் பெரிய மரங்கள் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவை. மெந்தோசாவில் ஆண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 200 மில்லிமீட்டர் மழை. நம் பக்கம் ஒரு நல்ல ஐப்பசி தருகிற அளவு. மற்றதெல்லாம் ஆண்டிஸ் மலைப் பனி உருகி வருவது. 1561-இல் ஸ்பானியர்கள் வந்து நகரம் அமைப்பதற்கு முன்பே உவார்ப்பே பழங்குடிகள் அங்கே வாய்க்கால் வெட்டிப் பயிர் செய்திருக்கிறார்கள். இன்றைக்கும் மாகாணத்தின் நிலத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குக்கும் குறைவாகவே பாசனம் உண்டு. மீதியெல்லாம் முள்ளும் கல்லும்.

இரண்டாம் நாள் மைப்பூ பக்கம் ஒரு சின்னத் தோட்டத்து வீட்டுக்குத் தங்கப் போனேன். எழுபது தாண்டிய பெரியவர், அவர் மனைவி, நகரத்தில் படிக்கும் பேத்தி. பேத்திக்கு ஆங்கிலம் தெரியும். பெரியவர் என்னை ‘இந்து’ என்றே கூப்பிட்டார். அங்கே இந்தியர் என்றாலே அந்தச் சொல்தான். தோட்டத்துக்குள் நுழைந்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை. பந்தல்! மரக்கால் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே கொடி படர்ந்த அசல் பந்தல். ‘பர்ரால்’ என்றார். புதுத் தோட்டங்களில் கொடியை வேலி போல நிறுத்துகிறார்கள். இது அவருடைய அப்பா போட்டதாம். எங்கள் அப்பா போலவே கையை உயர்த்திக் கொடியைத் திருப்பி, இலையின் அடிப்புறத்தைப் பார்த்தார்.

பக்கத்துத் தோட்டத்தில் மால்பெக் அறுவடை நடந்துகொண்டிருந்தது. 1853-இல் மிஷெல் புஷே என்ற பிரெஞ்சு வேளாண் அறிஞர் மெந்தோசாவில் பயிரிட்ட பிரெஞ்சு ரகங்களில் ஒன்று அது. இன்று அர்ஜென்டினாவின் அடையாளமே அதுதான். ஆட்கள் இருபது கிலோ பிடிக்கும் தகர டப்பாவைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓட்டமாக லாரிக்கு வருகிறார்கள். கொட்டியதும் கையில் ஒரு வில்லை விழுகிறது. அதன் பெயர் ‘ஃபீச்சா’. எத்தனை வில்லையோ அத்தனை டப்பாவுக்குக் கூலி. ஒரு பையன் வில்லையைப் பல்லில் கடித்தபடியே அடுத்த வரிசைக்கு ஓடினான். போதேகாவில் கண்ணாடிக் கோப்பையைச் சுழற்றிக் காட்டிய யாரும் இந்த ஓட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

மதியச் சாப்பாட்டில் பெரியவர் ஒயினைப் பாதித் தம்ளர் ஊற்றி, மேலே சோடாவை அடித்து, ஐஸ் கட்டி போட்டுக் குடித்தார். அவர் மனைவியும் அப்படியே. ஒரு தம்ளர், ரொட்டியோடும் கறியோடும் அது தீர்ந்தது. எழுந்து கை கழுவிவிட்டு ஒரு தூக்கம், பிறகு வேலை. பாட்டில் மேஜையிலேயே மூடி போட்டு நின்றது. நான் ஊரிலிருந்து சுமந்து போன கசப்பில் பாதி அந்த மேஜையில் கரைந்தது.

அன்று ராத்திரி, நாய் குரைத்து முழித்துக்கொண்டேன். வெளியே பெரியவர் டார்ச்சும் மண்வெட்டியுமாக ஓடிக்கொண்டிருந்தார். அறுவடை முடிந்த பந்தலுக்கு அவருடைய ‘தூர்னோ’, அதாவது முறைத்தண்ணீர், இரண்டரைக்கு வர வேண்டும். வரவில்லை. மேல்தோட்டத்துக்காரர் தன் மடைப் பலகையை இன்னும் இறக்கவில்லை. இருவரும் வாய்க்கால் கரையில் நின்று கத்தினார்கள். மொழி புரியாவிட்டாலும் எனக்கு அந்தச் சண்டை மனப்பாடம். அப்பாவும் பக்கத்து வயல் சித்தப்பாவும் பதினோரு வருஷம் பேசாமல் இருந்தது இதே மாதிரி ஓர் இரவுத் தண்ணீருக்காகத்தான். நான் அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற பையன்.

மோட்டார் சைக்கிளில் ‘தொமேரோ’ வந்தார். எங்கள் பக்கத்து நீர்க்கட்டியேதான். மடையின் பூட்டுச் சாவி அவரிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், நோட்டில் எழுதினார், மேல்மடையை இறக்கிப் பூட்டினார். பதினைந்து நிமிஷம் கடன். அடுத்த முறையில் மேல்தோட்டத்துக்காரர் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். பேச்சு முடிந்தது.

பிறகு தண்ணீர் வந்தது. முதலில் சருகு சரசரத்தது. டார்ச் வெளிச்சத்தில் காய்ந்த இலையும் நுரையும் எறும்புமாக ஒரு விளிம்பு மெல்ல நகர்ந்து வந்து, பந்தல் காலைச் சுற்றி, ஒரு வெடிப்பில் இறங்கி, நிரம்பி மறுபடி நகர்ந்தது. கையை விட்டேன், எலும்பு வரை குளிர்ந்தது. தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருந்தது. பெரியவருக்கு அதுவே குறை. பொத்ரேரியோஸ் அணை கட்டியபின் வண்டல் அணையிலேயே தங்கிவிடுகிறது. வண்டல் பூசாத மண்வாய்க்கால் தண்ணீரை உறிஞ்சிக்கொள்கிறது என்றார்.

விடிய விடியப் பேத்தியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். மெந்தோசாவின் தண்ணீர்ச் சட்டம் 1884-இல் வந்தது. தண்ணீர் உரிமை நிலத்தோடு சேர்ந்தது என்று 1916-ஆம் ஆண்டு மாகாண அரசியல் சாசனம் சொல்கிறது. நிலத்தை விட்டுவிட்டுத் தண்ணீரை மட்டும் விற்க முடியாது. ஒவ்வொரு வாய்க்காலுக்கும் பாசனக்காரர்களே ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2019 டிசம்பரில், சயனைடு கொண்டு சுரங்கம் நடத்த வழிவிடும்படி பழைய தடைச் சட்டத்தை அரசு திருத்தியது. ‘மெந்தோசாவின் தண்ணீர் பேரத்துக்கு இல்லை’ என்று ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் இறங்கினார்கள். அந்த மாதம் முடிவதற்குள் திருத்தம் வாபஸ் ஆனது. பேத்தியும் நடந்திருக்கிறாள். அதைச் சொன்னபோது அவள் குரல் உயர்ந்தது. குடிமராமத்து என்ற சொல்லைக் கையில் வைத்திருக்கிற நாம், நம் வாய்க்காலுக்காகக் கடைசியாக எப்போது அப்படிச் சேர்ந்து நடந்தோம் என்று யோசித்தேன். வெட்கமாக இருந்தது.

மெந்தோசா போகிறவர்கள் போதேகாக்களுக்கு இரண்டு நாள் வையுங்கள். மூன்றாம் நாள் ஒரு தோட்டத்து வீட்டில் தங்கி, இந்த வாரம் தூர்னோ எப்போது என்று கேளுங்கள். நடுராத்திரி என்றால் எழுப்பச் சொல்லுங்கள். மார்ச் ராத்திரியிலும் குளிரும், ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.