ஐவி காட்டேஜின் கற்கள்

ராபர்ட் புரூஸ் ஃபூட் விட்டுச்சென்ற தொல்பொருள் தொகுப்பு, தனி ஒருவர் ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் கூட்டிக் கூட்டி வளர்த்தது. 1858-இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் சேர்ந்த அவருக்குப் பாறை வரைபடம் தயாரிப்பதுதான் உத்தியோகம். கற்கருவி தேடல் அதன் ஓரத்தில் தொடங்கியது. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில், செம்புறாங்கல் சரளையிலிருந்து ஒரு கைக்கோடரி கிடைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் துறைத் தோழர் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்தை அடைந்தார். 1891-இல் ஓய்வுபெற்று, பரோடா, மைசூர் அரசுகளுக்கும் பணியாற்றிய அவர் ஏற்காட்டில் ஐவி காட்டேஜ் என்ற வீட்டில் குடியமர்ந்தார்.

ஏற்காடு அமைந்துள்ள சேர்வராயன் மலையில் அதிகம் பேசப்படுவது பழைய கற்காலக் கைக்கோடரி அல்ல. புதிய கற்காலத்தின் வழவழப்பான கற்கோடரி. அதைச் செய்தவர்களின் வேலைமுறையை ஃபூட் பெல்லாரிக் குன்றுகளில் கண்ட பட்டறைகளைக் கொண்டே விளக்கினார். அங்கே பாதியில் கைவிட்ட துண்டுகளும் உடைந்தவையும் குவிந்து கிடந்ததால் ஒவ்வொரு கட்டமும் கண்ணுக்குத் தெரிந்தது. முதலில் கரும்பாறைத் துண்டைச் சில்லு சில்லாகத் தட்டி வடிவுக்குக் கொண்டுவருவார்கள். பிறகு மேடுகளைப் பொறுமையாகக் கொத்திச் சமன்செய்வார்கள். அடுத்து பாறைமேல் வைத்துத் தேய்ப்பார்கள், கடைசியில் மெருகு. தட்டும்போது ஓர் அடி பிசகினால் அதுவரை செய்த வேலை வீண். பெயரற்ற அந்தக் கைவினைஞர்களின் திறமை, முடிந்த கோடரியைவிட முடியாமல் போன துண்டில்தான் நன்றாகத் தெரிகிறது என்பது என் எண்ணம்.

சேர்வராயன் மலையில் நிலத்தில் அகப்பட்ட கற்கோடரிகளை ஊரார் எடுத்துச் சிறு கோயில்களில் சாமிக் கல்லாக வைத்து வணங்கினார்கள். அதனால்தான் பல கற்கள் அழியாமல் தப்பின. ஆனால் முதலில் எந்த நிலத்தில் கிடந்தன என்ற செய்தி அதோடு போயிற்று. இடம் தெரியாத கல் அழகாக இருக்கலாம். வரலாற்றுக்கு அது பாதிதான் பேசும்.

ஃபூட்டின் பதிவுமுறைக்கு இடமே அச்சாணி. பாறை மாதிரியை எடுத்த இடத்தோடு சேர்த்துக் குறிப்பது புவியியலாளரின் பழக்கம். அதை அவர் கருவிகளுக்கும் பானையோடுகளுக்கும் அப்படியே பின்பற்றினார். ஒவ்வொன்றுக்கும் எண், கிடைத்த ஊர், கல்லின் வகை. தொகுப்புக்கு அவர் எழுதிய பட்டியல் அழகின்படியோ காலத்தின்படியோ அல்லாமல், தெற்கே தொடங்கி வடக்கு நோக்கி நிலத்தின் வரிசையில் செல்கிறது. ஒரு மாவட்டத்தை அறிய விரும்புபவர் அந்தப் பக்கத்தைத் திறந்தால் போதும்.

1904-இல் தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. ஃபூட் 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவில் இறந்தார்; ஏற்காட்டின் ஹோலி டிரினிட்டி தேவாலயத்தில் அவருக்கு நினைவிடம் உள்ளது. பட்டியல் 1914-இலும், கருவிகளின் காலத்தையும் பரவலையும் பேசும் குறிப்புகள் 1916-இலும் வெளிவந்தன. இரண்டையும் அச்சில் காண அவர் இல்லை.

அவர் குறித்துவைத்த அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்புவின் குழுவினர் 1999-இல் அகழாய்வு தொடங்கினர். அங்குள்ள கைக்கோடரிகளின் காலம் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்று 2011-இல் அறிவித்தனர்.